ஐம்பத்தெட்டு வயதில் தென்னம்பிள்ளை

ஐம்பத்தெட்டு வயதில் ஒருவர் தென்னம்பிள்ளை நடுவாரா?

கணக்கைப் பாருங்கள். நெட்டை ரகம் என்றால் நட்டு ஆறேழு வருஷம் கழித்துத்தான் பாளை விடும். நெட்டையும் குட்டையும் சேர்த்த ஒட்டு ரகம் நாலு வருஷத்தில் வந்துவிடும், ஆனால் தண்ணீரும் உரமும் கூடுதலாகக் கேட்கும். எதை வைத்தாலும் நன்றாகக் காய்ப்புக்கு வரப் பத்து வருஷம் ஆகிவிடும். 58 வயதில் நடுகிறவர் தோப்பைத் தோப்பாகப் பார்க்கும்போது அவருக்கு 68. அதுவரைக்கும் வீட்டுச் செலவு, நகைக் கடன் வட்டி, மாத்திரை மருந்து எல்லாம் வேறு எங்கிருந்தாவது வரவேண்டும்.

2018 நவம்பரில் என் சித்தப்பாவுக்கு அந்த வயது. பேராவூரணிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். கஷ்ட காலத்தில் ஒரு மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்ற பேச்சு வந்தால் என் நினைவுக்கு வருவது புத்தகங்கள் இல்லை, கஜா புயலுக்குப் பிறகான எங்கள் ஊர்க்காரர்கள்தான். அவர்களைப் பெரிய வீரர்களாக்கி எழுதுவது என் எண்ணம் இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள், எந்த வரிசையில் செய்தார்கள் என்பதை மட்டும் பார்க்கலாம். அந்த வரிசையில் ஒரு விஷயம் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காக முதலில் எங்கள் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். நாங்கள் காவிரியின் கடைமடை. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் முடிந்த திட்டத்தில் வந்தது கல்லணைக் கால்வாய். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், ‘புது ஆறு’ என்பார்கள். அந்தத் தண்ணீரை நம்பி நெல் போட்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதே பெரும்பாடு என்று ஆனபிறகு, நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைக்காமல் போனபிறகு, பலரும் மெல்ல மெல்லத் தென்னைக்கு மாறினார்கள். போர் போட்டு, மோட்டார் வைத்து, மேட்டு நிலத்தையெல்லாம் தோப்பாக்கினார்கள். ஒன்றரை மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒரு வெட்டு. நெல்லைப் போல வருஷத்துக்கு ஒருமுறை காசு பார்க்கிற பயிர் இல்லை இது. கிட்டத்தட்டச் சம்பளம் மாதிரி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் இன்ஜினியரிங் படித்தவர்களைக் கேளுங்கள், ஃபீஸ் எங்கிருந்து போனது என்று. தேங்காய் ஏவாரி தந்த முன்பணத்திலிருந்துதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. கரையேறிய பிறகும் ஓயாமல் தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை என்று உள்ளே இறங்கி அடித்துக்கொண்டே போனது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. கட்டுக் கட்டாகச் சல்லிவேர்தான். மழையில் ஊறிய மணற்பாங்கான நிலத்தில் அந்தக் காற்று அடித்தால் வேரோடு பிடுங்கிக்கொண்டு சாயும். சாயாமல் நின்ற மரங்களில் பலவற்றுக்குக் கழுத்து முறிந்துவிட்டது. மாமரத்தில் கிளை முறிந்தால் வேறொரு கிளை துளிர்க்கும். தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் மரம் நின்றுகொண்டே செத்துவிடும். விடிந்து பார்த்தால், நாலு தெரு தள்ளி இருந்த பெருமாள் கோயில் கோபுரம் எங்கள் வாசலிலிருந்து தெரிந்ததாம். அதுவரைக்கும் நடுவில் தோப்பு இருந்ததால் தெரிந்ததில்லை.

நான் அப்போது வேலை நிமித்தம் வெளியூரில். பாதை திறந்து ஊருக்குள் போகச் சில நாள் ஆனது. போகும்போது பெரிய அழுகையை எதிர்பார்த்துப் போனேன். ஊரில் யாருக்கும் அழ நேரம் இல்லை.

மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் சாய்ந்துவிட்டதாக அரசு சொன்ன நேரம் அது. கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் குடிக்கத் தண்ணீர் இல்லை. டிராக்டரில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று பையன்கள் கணக்குப் போட்டார்கள். அதே ஜெனரேட்டரில் செல்போனுக்கு சார்ஜ் போட வரிசை. ஓட்டு வீடு நின்றிருந்தவர்கள் கூரை பறந்தவர்களைத் திண்ணையில் படுக்கவைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பொதுவில் உலை வைத்தார்கள். வெளி மாவட்டத்து மின் ஊழியர்கள் வந்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில்தான் பெருவெள்ளத்தில் தவித்த கேரளத்திலிருந்தும் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். சேற்றில் இடுப்பளவு நின்று கம்பம் தூக்கியவர்களுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டார்கள்.

மாடு மட்டும் எதுவும் நடக்காத மாதிரி விடியற்காலையில் கத்தியது. அதற்குப் பால் கறந்தாக வேண்டும், வைக்கோல் நனைந்துவிட்டதால் புல்லுக்கு அலைந்தாக வேண்டும்.

முதல் ஒரு மாதம் அப்படித்தான் ஓடியது. அந்த ஒரு மாதத்தில் ஊரில் தைரியத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை. அடுத்து என்ன வேலை என்பதுதான் பேச்சு. ‘மனசைத் தேத்திக்கிட்டு’ வேலைக்கு இறங்கியவர் என்று யாரையும் என்னால் சொல்ல முடியவில்லை. வேலை வாசலில் வந்து நின்றது, இறங்கினார்கள்.

கஷ்டம் என்றால் என்ன என்று நான் பார்த்தது அதற்குப் பிறகு. தை பிறந்து, நிவாரண லாரிகள் நின்று, டிவிக்காரர்கள் போய், ஊர் அமைதியானபிறகு.

தோப்பு முழுக்கப் படுத்துக்கிடக்கும் மரங்கள். அவற்றை என்ன செய்வது? வெட்டி எடுக்கக் கூலி வேண்டும். மரம் அறுக்கிற மிஷின்காரருக்கு நாள் சொல்லிக் காத்திருக்க வேண்டும். பொக்லைன் வாடகை மணிக்கணக்கில். சூளைக்கு மரம் எடுக்கிற ஏவாரி, ஊரெல்லாம் மரம் கிடக்கும்போது எதற்கு விலை தருவார்? ‘சும்மா குடுத்தா ஏத்திக்கிட்டுப் போறேன்’ என்றார். அரசு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. 600 ரூபாய் மரத்துக்கு, 500 ரூபாய் வெட்டி அகற்ற. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். ஏக்கருக்குச் சொன்னால் எழுபது மரம், 77,000 சொச்சம். நாற்பது வருஷ மரம் ஒன்று வருஷத்துக்கு நூறு காய் குறையாமல் தந்துகொண்டிருந்தது என்று வைத்துப் பார்த்தால், அந்தப் பணம் எத்தனை வெட்டுக்குச் சமம் என்று எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடச் சொல்லிவிடுவார்.

மரங்களை அப்படியே போட்டுவைக்கவும் முடியாது. மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புதுக்கன்று வைத்தால் அந்த வண்டு நேரே அதன் குருத்துக்குள் துளைத்துக்கொண்டு இறங்கும். ஆக, செத்த மரத்தை அப்புறப்படுத்தாமல் புது மரம் வைக்க முடியாது. அப்புறப்படுத்தக் காசு இல்லை. காசுக்கு மரம் இல்லை.

சித்தப்பா அந்தத் தையில்தான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். அவர் மீசை எடுக்காதவர், ஆனால் நாள் தவறாமல் முகம் வழிப்பவர். தாடி வளர்ந்து கிடந்தது. தோப்புப் பக்கம் போவதே இல்லை. கேட்டால், ‘போயி?’ என்பார். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. நாங்களும் எல்லாரையும் போலத் தைரியம் சொன்னோம். மாமா சொன்னார், அத்தை சொன்னார், ஃபோனில் துபாயிலிருந்து மச்சான் சொன்னார். ஒவ்வொருவரும் சொல்லிவிட்டு எழுந்து போனபிறகு அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தார். அந்த அறிவுரைகள் அவருக்குக் கூடுதலாக ஒரு வேலையைத்தான் வைத்தன. இழப்பையும் தாங்க வேண்டும், தாங்குகிற ஆள் மாதிரியும் தெரிய வேண்டும்.

முதலில் எழுந்தது சித்திதான். கஜா கூரைகளையெல்லாம் பிய்த்துவிட்டதல்லவா? எங்கள் பக்கம் எல்லா வீட்டுக்கும் கீற்று வேண்டும். விழுந்த மரங்களின் மட்டை தோப்பெல்லாம் கிடக்கிறது. சித்தியும் தெருவில் நாலைந்து பெண்களும் சேர்ந்து காயாத மட்டையாகப் பொறுக்கி, இரண்டாகக் கிழித்து, குட்டையில் ஊறப்போட்டு, கீற்று முடைய உட்கார்ந்தார்கள். பழுதான ஓலையில் ஈர்க்கு கிழித்து விளக்குமாறு கட்டினார்கள். குழுக் கடன் வசூலிக்க வருகிறவர்கள் புயலடித்த ஊர் என்று பார்க்கவில்லை, வாரம் தவறாமல் வந்து நின்றார்கள். அந்தத் தவணைக்காவது ஆகட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். பெரிய காசு இல்லை. ஆனால் எங்கள் வீட்டு வாசலில் மறுபடியும் பேச்சுச் சத்தம் கேட்டது. நடுநடுவே யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

ஒரு நாள் பக்கத்துக் கொல்லைக்காரர் வந்தார். சித்தப்பாவை விட ஏழெட்டு வயது இளையவர், மாமன் முறை சொல்லித்தான் கூப்பிடுவார். அவருடைய தோப்பும் போய்விட்டது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“மாமா, வடக்குக் கொல்லயில ஒரு ஓரமா மரத்த ஒதுக்கிப்புட்டேன். கடலை போடலாம்னு இருக்கேன். ஒங்க போருல தண்ணி இருக்குல்ல?”

“இருக்கு.”

“எம் போரு மண்ணு தூந்துபோச்சு. ஒங்க தண்ணி வேணும்.”

“எடுத்துக்கய்யா.”

“மோட்டாரு ஓடுதான்னு பாக்கணும்ல. வாங்க, ஒரு நட பாத்துட்டு வந்துருவோம்.”

சித்தப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மோட்டாரில் ஏதோ கோளாறு. சாயந்தரம் வரைக்கும் இரண்டு பேரும் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, கை முழுக்க கிரீஸோடு வந்தார்கள். அன்றைக்கு ராத்திரி அவர் சித்தியிடம் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் மோட்டாருக்கு சாமான் வாங்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் தண்ணீர் பாய்ச்ச வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்தது. அடுத்தவன் கடலைக்குத் தண்ணீர் விடப்போனவர், தன் கொல்லையில் கிடந்த மரத்தை ஒவ்வொன்றாக ஓரம் கட்ட ஆரம்பித்தார். ஆறேழு வருஷக் கணக்கு எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது நாலு மாதக் கடலை. அதிலும் இவருடையது பாதிதான், தண்ணீர்ப் பங்கு.

இதை நான் வெறும் ஊர்க்கதையாகத்தான் வைத்திருந்தேன். பிற்பாடு படித்தபோதுதான் மனநல மருத்துவத்தில் இதற்கென்றே ஒரு முறை இருப்பது தெரிந்தது. நல்ல மனநிலை வந்தபிறகுதான் செயல் வரும் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சன் 1970-களில் அதைத் திருப்பிப் போட்டார். மனச்சோர்வில் இருப்பவர் ஒவ்வொரு வேலையாக விடுகிறார். விட விட, மனசுக்குத் தெம்பு தருகிற சின்னச் சின்ன விஷயங்களும் நின்றுபோகின்றன. அதனால் சோர்வு கூடுகிறது. எனவே மனசு சரியாகட்டும் என்று காத்திராமல், செய்யக்கூடிய சின்ன வேலையைத் திட்டமிட்டுச் செய்யவைப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் வழி.

நம் நாட்டிலேயே கோவாவில் இதைப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். விக்ரம் படேல் குழுவினர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடும் மனச்சோர்வு உள்ளவர்களிடம் இந்த முறையை முயன்றார்கள். அதன் முடிவு 2017-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இதில் எனக்குப் பிடித்தது, சிகிச்சை கொடுத்தவர்கள் மருத்துவர்கள் இல்லை. மனநலப் படிப்பே படிக்காத உள்ளூர்க்காரர்கள், அதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புகள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களை விட இவர்களிடம் பேசியவர்கள் அதிகம் தேறியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரருக்கு ‘லான்செட்’ தெரியாது. ஆனால் ‘ஒங்க தண்ணி வேணும்’ என்று கேட்டது எந்த ஆறுதலையும் விடக் கெட்டிக்காரத்தனமான வார்த்தை என்று இப்போது தோன்றுகிறது. உதவி செய்ய வந்தவர் உதவி கேட்டார். எல்லாம் போய்விட்டது என்று உட்கார்ந்திருந்தவரிடம் இன்னும் கொடுக்க ஒன்று இருக்கிறது என்பதை அந்த ஒரு கேள்வி காட்டிவிட்டது.

அப்போது வீட்டில் எங்கள் அப்பாயி ஒருத்தி இருந்தாள். தொண்ணூறை நெருங்கிய வயது. ‘அம்பத்திரெண்டு புயலு’ம் பார்த்தவள், 1977 நவம்பர் புயலும் பார்த்தவள். கஜாவில் விழுந்த தோப்பே 77-க்குப் பிறகு தாத்தா வைத்ததுதான். அப்போது சித்தப்பாவுக்குப் பதினேழு வயது. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவர்களில் அவரும் ஒருவர். அப்பாயி அதைப் பெரிய பாடமாகவெல்லாம் சொல்லவில்லை. “ஒங்க அப்பன் என்ன எளவட்டமாவா இருந்தாரு அப்ப? இடுப்பு வலி, இடுப்பு வலின்னு மொனகிக்கிட்டேதான் குழி வெட்டுனாரு” என்றாள். சித்தப்பா சிரித்துவிட்டார். தாத்தாவை நாங்கள் எல்லாரும் போட்டோவில் இருக்கிற விறைப்பான மனிதராகவே நினைத்திருந்தோம். முனகிக்கொண்டே குழி வெட்டியவர் என்று தெரிந்தது பெரிய விடுதலை. முனகலாம். முனகிக்கொண்டும் வெட்டலாம்.

2019 ஆடி வாக்கில் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கும், தெரிந்தவர் நாற்றங்காலுக்கும் போய்க் கன்று கொண்டுவந்தார். மூன்றடிக்கு மூன்றடி குழி, இருபத்தைந்தடி இடைவெளி. பாதி ஒட்டு ரகம், பாதி நெட்டை. ஏன் இரண்டும் என்று கேட்டேன். “ஒட்டு எனக்கு. நெட்டை ஒங்களுக்கு” என்றார். குழிகளுக்கு நடுவில் கிடந்த வெயில் நிலத்தில் கடலை, உளுந்து, ஒரு வருஷம் சோளம், ஒரு வருஷம் வாழை. தோப்பு நிழல் கட்டியிருந்த காலத்தில் அந்த மண்ணில் இதெல்லாம் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. தென்னைக்கான செலவை இந்த ஊடுபயிர்கள்தான் சுமந்தன. நீண்ட காத்திருப்பை அவர் தாங்கியது இப்படித்தான் என்று நினைக்கிறேன். ஏழு வருஷத்தை ஏழு வருஷமாகச் சுமக்கவில்லை, கடலைக்குக் கடலை, உளுந்துக்கு உளுந்து என்று வெட்டிச் சுமந்தார்.

இங்கே நிறுத்தினால் இது சினிமா ஆகிவிடும். எல்லாரும் கன்று வைக்கவில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் நிலத்தை விற்றார்கள். இளவட்டங்கள் பலர் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். ஒருவர் தோப்பை அழித்துத் திரும்ப நெல்லுக்குப் போனார். அவர்களைத் தெம்பில்லாதவர்கள் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஐம்பது வயதுக்கு மேல் திருப்பூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போய், ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, மகளைக் கட்டிக்கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். விடாமல் நிற்பது என்பது அதே நிலத்தில் அதே பயிரை வைப்பது மட்டும்தான் என்று யார் சொன்னது? அவர் விட்டது தென்னையை. குடும்பத்தை அவர் விடவில்லை.

உயிரை விட்டவர்களும் உண்டு. மரம் போன துக்கத்தில் விவசாயிகள் தங்களை முடித்துக்கொண்ட செய்திகள் அந்த நாட்களில் எங்கள் மாவட்டத்திலிருந்தே பத்திரிகைகளில் வந்தன. அவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். கடன், தூக்கமின்மை, தனிமை மூன்றும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்டவரையும் சாய்க்கும். சரியான நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாரா இல்லையா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இப்போது ‘டெலி மானஸ்’ என்று மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது: 14416. தமிழிலும் பேசலாம். ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது என்று தயங்குகிறவர்கள் அந்த எண்ணை ஃபோனில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். அதற்குக் கடலை போடுவது மட்டும் போதாது.

கன்று வைத்த பிறகும் காலம் கருணை காட்டவில்லை. 2020-இல் ஊரடங்கு. ஏற்றிய வாழைத்தாருக்கு விலை இல்லை. பிறகு தென்னையில் வெள்ளை ஈ. நம் நாட்டில் 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டுபிடித்த அந்தச் சுருள் வெள்ளை ஈ எங்கள் பக்கமும் இறங்கி, ஓலையெல்லாம் கரி பூசிய மாதிரி ஆக்கியது. 2023-இல் மத்திய அரசு அரவைக் கொப்பரைக்கு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய். சந்தை விலை அதற்கும் வெகு கீழே போய்விட்டது. கஜாவில் தப்பிய மரங்களை வைத்திருந்தவர்களே ‘எதுக்கடா தப்புச்சு இது’ என்று திட்டினார்கள். அப்போது யாராவது சித்தப்பாவிடம் வந்து ‘பார்த்தீங்களா, விடாமல் நின்றால் ஜெயிக்கலாம்’ என்று சொல்லியிருந்தால் மண்வெட்டியோடு துரத்தியிருப்பார்.

அப்புறம் 2025 வந்தது. கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனது. அந்த நேரம் பார்த்து 2019-இல் வைத்த ஒட்டு ரகங்கள் வெட்டுக்கு வந்திருந்தன. ஊரே அவரைத் தீர்க்கதரிசி ஆக்கிவிட்டது. அவர் சொன்னது: “எனக்கென்ன தெரியும்? வெல ஏறும்னு தெரிஞ்சா வச்சேன்? குழி வெட்டுன ஞாபகந்தான் இருக்கு.”

இந்தப் பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விலை ஏறியது அவர் உறுதிக்குக் கிடைத்த பரிசு இல்லை, அது சந்தை. அடுத்த வருஷமே இறங்கலாம். விலை ஏறாமல் போயிருந்தால் அவர் செய்தது முட்டாள்தனம் ஆகிவிடுமா? 2019-லிருந்து 2025 வரைக்கும் காலையில் எழுந்து போக அவருக்கு ஓர் இடம் இருந்தது, சாயந்தரம் பேச ஒரு விஷயம் இருந்தது, தண்ணீர்ப் பங்கு போட ஓர் ஆள் இருந்தார். தேங்காய் விலையைச் சேர்க்காமலே அந்தக் கணக்கு நேராகிவிடுகிறது. நல்ல முடிவு வரும் என்ற நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள், முடிவு தள்ளிப்போகும்போதெல்லாம் ஒருமுறை உடைகிறார்கள். அன்றன்றைக்கு உள்ள வேலையைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு அந்த உடைசல் குறைவு. என் ஊரை வைத்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

இதையெல்லாம் தோப்பு இல்லாதவர்கள் எப்படி எடுத்துக்கொள்வது? வேலை போனவர், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர், பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்றவர், துணையை இழந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கஜா. பொதுவில் ஒரு வழி சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் எனக்கே ஒரு மோசமான காலம் வந்தபோது இந்த ஊர்ப் பாடத்திலிருந்து சிலதை எடுத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் ‘இதிலிருந்து எப்படி மீள்வது’ என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, மத்தியானத்துக்குள் முடிக்கக்கூடிய ஒரு வேலையை மட்டும் எடுத்தேன். அதில் கை அழுக்காகிற வேலையாக ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பாத்திரம், தோட்டம், சைக்கிள் செயின், எதுவாக இருந்தாலும் சரி. வேறொருவருக்குத் தேவைப்படுகிற வேலையாக இருந்தால் அதை முதலில் செய்தேன். என் வேலையை நாளைக்கு என்று தள்ளுவேன், அடுத்தவர் காத்திருந்தால் தள்ள மாட்டேன். முனகல் வந்தால் முனகினேன். சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். நாள் நகர்ந்தது. நகர்ந்த நாட்களைத் திரும்பிப் பார்த்தபோதுதான் நமக்குத் தெம்பு இருந்திருக்கிறதே என்று தெரிந்தது. தெம்பு இருந்ததால் செய்தோம் என்று பிற்பாடு நாம் கதை கட்டிக்கொள்கிறோம். நடந்தது பெரும்பாலும் தலைகீழ்.

கடைசியாக ஒன்று, கஷ்டத்தில் இருப்பவருக்கு இல்லை, அவருக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் உங்களுக்கு. உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இப்போது உட்கார்ந்துவிட்டார் என்றால், அறிவுரையோடு போகாதீர்கள். ஒரு வேலையோடு போங்கள். அவரால் முடிகிற, உங்களுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற வேலையாக இருக்கட்டும். போலியாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார். வர மறுத்தால் வற்புறுத்தாமல் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்துவிட்டு, அடுத்து எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். முக்கியம், அந்தக் கிழமை மறக்காமல் போங்கள். முதல் மாதம் எல்லாரும் போவார்கள். மூன்றாவது மாதம்தான் ஆள் வேண்டும்.